சமையல் கூடாது

அறைக்கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது
மிஸிஸ் அல்போன்ஸின் சட்டம்:
சமையல் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது.
பத்து மணிக்குப் பிறகு முழுகக் கூடாது.
கறன்ற் கேத்தில் ஒன்று, தேத்தண்ணிக்கு மட்டும்.

சொக்லேட் பூசிய கேக் உருண்டைக்கு
அடுப்பே தேவையில்லை என்கிறாள் ஃபர்ஸானா.
அவித்தலில்லை, பொரித்தலில்லை, தாளிதமில்லை.
எந்தக் கோடு இதைச் சமையல் என்னும்?
நான் கணக்காய்வுக் கம்பனியில் இருந்தவள்,
விதிக்கும் விதியின் ஓட்டைக்கும் நடுவில்
நாலு வருடம் சம்பளம் எடுத்தவள்.
நேற்றுவரை.

நேற்று வெட்டிய கேக்தான் இது.
பச்சை, ரோஸ், மஞ்சள் என அடுக்கிய றிபன் கேக்.
மேலே ஐசிங்கில் என் பெயர்,
துவாரகியில் ஒரு கால் ஒடிந்து
துவரகி என்று நொண்டிக்கொண்டு.
கை தட்டினார்கள்.
ஆட்குறைப்பு என்ற சொல்லை
ஒருவர்கூட வாயில் எடுக்கவில்லை.
மிச்சப் பாதியை மனேஜரே பெட்டியிலிட்டுத் தந்தார்:
"வீணாக்காதேங்கோ."
பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை மட்டும்
நூறாம் நம்பர் பஸ்ஸில்
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீணாக்கவில்லை.
உடுப்பு ஊறவைக்கும் பேசினை
மூன்று தரம் தேய்த்துக் கழுவி
பெயரிலிருந்து தொடங்கி உதிர்க்கிறேன்.
பச்சையும் ரோஸும் மஞ்சளும் கலந்தால்
என்ன நிறமென்று பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை.
நனைந்த சாக்குக்கும் பழைய தபால் உறைக்கும்
இடையில் ஏதோ ஒன்று.
டின்பால் நாலு கரண்டி. ஐந்தாவது என் வாய்க்கு.
உருள வேண்டும், ஒட்டக் கூடாது.
ஒட்டினால் மாரி பிஸ்கற் இரண்டை நொறுக்கிப் போடு.
தேசிக்காய் அளவில் உருட்டு என்கிறாள் அவள்;
என் கைக்கு வருவது விளாம்பழம்.

கேத்திலின் மூடியைக் கழற்றி
அதன் வாயில் சில்வர் கோப்பையைக் குந்தவைத்து
ஆவியில் உருக்குகிறோம்.
ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும்
சொக்லேட் கோபித்துக் கட்டிபட்டுவிடுமாம்.
கடற்கரைத் தண்டவாளத்தில் ஆறரை ரயில் போக
கோப்பை கிடுகிடுக்க
இருவரும் அதைச் சுற்றி மூச்சைப் பிடித்தபடி,
ஏதோ பச்சைக்குழந்தை கண்ணயர்ந்ததுபோல.

பல்லுக்குத்தும் குச்சியில் குத்தி
அமிழ்த்தி, உதறி, தட்டில் வைக்க
எல்லாம் ஒரே நிறம், ஒரே மினுக்கம்.
உள்ளே என்ன கிடக்கிறதென்று
வெளியே ஒன்றும் தெரியவில்லை.
மனேஜரின் முகமும் இப்படித்தான் இருந்தது.

இருபத்துமூன்று.
இனி இறுக வேண்டும்.
எங்கள் வாதத்தில் விடுபட்ட பந்தி அதுதான்.
கொழும்பில் ஏப்ரல் மாதம் எதையும் இறுக விடாது.
ஃபானுக்கு முன்னால் பிடித்தோம், வியர்த்தன.
பிரிட்ஜ் இருப்பதோ ஹாலில்,
மிஸிஸ் அல்போன்ஸின் கதிரைக்கு இரண்டடி தள்ளி.

தட்டோடு போய் நின்றேன்.
"என்ன மணக்குது?"
"சமைக்கேல்லை அன்ரி. அடுப்பே மூட்டேல்லை."
சுகர்க் குளிசைப் போத்தலைக் கொஞ்சம் தள்ளிவைத்து
குச்சியோடு ஒன்றை எடுத்தார்.
பிறகு இன்னொன்று.
பல்லிடுக்கில் பச்சையாய் ஒரு துணுக்கு.
"றிபன் கேக்கெல்லோ? ஆருக்குப் பிறந்தநாள்?"
"ஒருத்தருக்குமில்லை. எனக்கு வேலை போயிட்டுது."

டீவியில் விளம்பரம் முடியும்வரை பேச்சில்லை.
எழும்பி, பிரிட்ஜைத் திறந்து,
பாரை மீன் பொதியை ஒரு பக்கம் ஒதுக்கி
தட்டளவு இடம் செய்தார்.
"இது சமையலில்லை."
கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:
"ஆனா வாடகை அஞ்சாந் திகதிதான்."

உள்ளே போனவை இருபத்தொன்று.
விடியற்காலையில் எண்ணினேன். பதினெட்டு.
எறும்பு பிரிட்ஜைத் திறக்காது
என்கிறாள் ஃபர்ஸானா,
பல்லுத் தீட்டிக்கொண்டே.